எதிர்க்குரல் கொடுத்தவள்

உக்காருங்க, உக்காருங்க. காலி சீட்டுதான். என் மருமக உக்காந்திருந்தா, இப்ப எந்திரிச்சு முன்னால போயிட்டா. எங்கூட உக்கார அவளுக்கு வெக்கமாம். நல்லதாப் போச்சு, நீங்க கால நீட்டி உக்காருங்க.

தமிழா நீங்க? நெத்தியில பொட்டப் பாத்ததுமே நெனச்சேன். மலேசியாவா! கிள்ளான்ல தமிழ்ப் பள்ளிக்கூடத்து டீச்சரா? அப்ப டீச்சர்னே கூப்பிடுறேன். உங்க பஸ்ஸு வழியில நின்னு போச்சாமே, அதான் உங்கள எல்லாம் பிரிச்சு இதுல ஏத்தி விட்டாங்களாக்கும். கப்பல் நிக்கிற எடத்துக்குப் போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் ஆகுமாம். ஆகட்டும். எனக்கும் பேச ஆளில்லாம நாக்கு அண்ணத்துல ஒட்டிப் போச்சு.

என்ன, எல்லாரும் திரும்பித் திரும்பி என்னையவே பாக்குறாங்களேன்னு யோசிக்கிறீங்களா? பாக்கட்டும். பாக்குறதுக்குத்தான கப்பலேறி வந்திருக்காங்க.

நான் இன்னைக்கு ஒப்பாரி வச்சுட்டேன் டீச்சர். ஆமா, சாட்சாத் ஒப்பாரிதான். மாவோரிக்காரங்க, அதான் இந்த மண்ணோட பூர்வகுடிச் சனம், அவங்க வாசல்ல, இத்தனை வெள்ளைக்காரங்க மத்தியில, தலமுடிய அவுத்து விட்டு, மாருல அடிச்சுக்கிட்டு வச்சேன். அதுக்குப் பஸ்ஸ விட்டு எறங்குறப்ப அந்தக் கைடுகிட்ட நான் மன்னிப்புக் கேக்கணுமாம். "அத்தை, ஒரே ஒரு சாரி, ஒரு வார்த்தைதானே, சொல்லிட்டு எறங்கிருங்க" ங்குறா மருமக. சொல்லமாட்டேன். தலகீழா நின்னாலும் சொல்லமாட்டேன். நீங்க படிச்சவங்க, முழுசாக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, நான் செஞ்சதுல என்ன குத்தம்னு.

எனக்கு ராஜபாளையம். பேரு பேச்சியம்மா. எங்க வீட்டுக்காரரு நூல் மில்லுல வேல பாத்தாரு. அந்த மெஷின் இரைச்சலுக்குள்ள நின்னு நின்னு காது போயிருச்சு. கல்யாணமாகி நான் வந்தப்பவே பாதிதான் கேக்கும், கதிரேசன் பள்ளிக்கூடம் போறப்ப அதுவும் போச்சு. கதிரேசன் யாரா? எம் மகன்தான். அந்தா, டிரைவருக்குப் பின்னால முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கான் பாருங்க, நீலச் சட்ட, அவனேதான்.

எங்க வீட்ல எதுவா இருந்தாலும் கத்தித்தான் பேசணும். "சோறு வைக்கட்டா?"ன்னு நான் கேட்டா எதுத்த வீட்டுக்காரி "வையிக்கா"ன்னு பதில் சொல்லுவா. புதுசாத் தெருவுக்குக் குடி வந்தவங்க எல்லாம் இந்தப் புருசன் பொண்டாட்டிக்கு விடிஞ்சா அடைஞ்சா சண்டைன்னு நெனச்சிருக்காங்க. சண்டை எங்க போடுறது, அதுக்கும் மனுசனுக்குக் காது கேக்கணும்ல? நான் தொண்ட கிழிய வஞ்சு முடிச்சதும், "என்ன சொன்ன?"ம்பாரு. திருப்பி மொதல்லருந்து வையணும். வாழ்ந்த வாழ்க்கை பூரா அந்த மனுசனுக்கு எல்லாத்தையும் ரெண்டு தடவ சொல்லியே போச்சு எனக்கு.

எம் மகன் சிட்னிக்குப் போனதும் காதுக்கு மெஷின் வாங்கி அனுப்புனான். உசத்தியான மெஷின். மாட்டவே இல்லயே! கேட்டா, "மாட்டுனா நீ பேசுறது பூராங் கேட்டுருமே"ன்னு சிரிப்பாரு. நக்கலுக்கு மட்டும் கொறச்சல் இல்ல. அந்த மெஷினப் பாருங்க டீச்சர், எம் மகன் இன்னும் சட்டப் பையிலயே போட்டுக்கிட்டுத் திரியுறான். கப்பலுக்கும் எடுத்துட்டு வந்திருக்கான். எதுக்குடான்னு கேட்டா ஒண்ணுஞ் சொல்லல. காசு போட்டு வாங்குனதாச்சே, யாருக்காவது வித்துரலாம்னு இருப்பான்போல. கணக்குப் பாக்குற ஊருக்குப் போனா அந்தப் புத்திதான வரும்.

சரி, விசயத்துக்கு வாரேன். மகனப் பாத்துட்டுப் போவோம்னு ரெண்டு பேருமாச் சிட்னிக்கு வந்தோம். வந்த எடத்துல ஒரு நா நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்தாரு. உக்காந்தவருதான். ஊருக்குக் கொண்டு போகணும்னு நான் சொன்னேன். அதெல்லாம் ரொம்ப நாளாகும், இங்கயே முடிச்சிரலாம்னுட்டாங்க.

முடிச்சாங்க. எப்படி முடிச்சாங்க தெரியுமா? ஏசி போட்ட ஒரு ஹாலு. வரிசையாச் சேரு. கல்யாண மண்டபம்னு நெனச்சுக்கிட்டேன் நானு. எல்லாரும் இஸ்திரி போட்ட சட்டயில வந்து உக்காந்து, ஒருத்தர் மாத்தி ஒருத்தர் மைக்ல பேசுறாங்க. மெதுவா. எல்லாமே மெதுவா. செவிட்டு மனுசன நடுவுல படுக்க வச்சுக்கிட்டு மெதுவாப் பேசுறாங்க டீச்சர்! எனக்கு வயிறு எரிஞ்சிருச்சு. நான் வாயத் தொறந்து, "என் ராசா..."ன்னு ஒரு இழுப்புதான் இழுத்தேன். மருமக ஓடி வந்து தோளப் புடிச்சா. ஒருத்தி தண்ணியக் குடுக்குறா, ஒருத்தி பேப்பர் கைக்குட்டயப் பொட்டியோட நீட்டுறா. மகன் காதுகிட்ட வந்து, "அம்மா, இங்க அப்படி அழக்கூடாதும்மா. பக்கத்து ஹால்ல வேற ஆளுங்க இருக்காங்க. மெதுவா"ன்னான்.

மெதுவாவாம்! அந்த மனுசன்கிட்ட நான் என்னைக்கு மெதுவாப் பேசியிருக்கேன்? உப்புக்கும் புளிக்கும் கத்துனேன். கடேசி கடேசியா "போயிட்டு வாங்க"ன்னு சொல்ற அன்னைக்கு மட்டும் மெதுவாச் சொல்லணுமா? யாரோ ஒருத்தன் ஒரு பொத்தான அமுக்குனான். அவரு படுத்திருந்த பொட்டி தானா நகந்து, எரிக்கிறதுக்குத் திரைக்குப் பின்னால போயிருச்சு. வெளிய வந்தா, வந்தவன் போனவன் எல்லாம் எங் கையப் புடிச்சு "சாரி, சாரி"ங்குறான். அதுலருந்து அந்த வார்த்தயக் கேட்டாலே எனக்கு ஆகாது.

எம் மகன் அன்னைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. சத்தியமாச் சொல்றேன். பெத்த தகப்பன் போயிருக்காரு, இவன் வந்தவங்களுக்குக் காப்பி இருக்கா, கார் நிறுத்த எடமிருக்கான்னு பாத்துக்கிட்டுத் திரியுறான். கல்லு. அந்த நாள்லருந்து வீட்ல அப்பா பேச்சே எடுக்கமாட்டான். நான் எடுத்தா எந்திரிச்சுப் பாத்ரூமுக்குப் போயி தண்ணியத் தொறந்து விட்டுக்குவான். அம்புட்டு வெறுப்பு அவனுக்கு.

நான் மட்டும் என்ன, அந்த மனுசனுக்காக உருகிக்கிட்டா இருக்கேன்? அதுவும் கெடையாது. அத நெனச்சுக்கிறாதீங்க. மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல, அதத்தான் சொல்லுதேன்.

அப்பறம் என்னமோ, நான் சரியாச் சாப்பிடலையாம், தூங்கலையாம், மனசு மாறட்டும்னு இந்தக் கப்பல்ல டிக்கெட்டப் போட்டான். கப்பலா அது? ஊரு. எங்க பாத்தாலும் திங்குறாங்க. இன்னைக்குக் காலையில கரையில எறக்கி, பஸ்ஸுல ஏத்தி, இந்த ரோட்டோருவாங்குற ஊருக்குக் கூட்டிட்டு வந்தாங்க.

பஸ்ஸு கதவத் தொறந்ததும் எல்லாரும் மூக்கப் பொத்துறாங்க. கந்தக வாடை. எனக்கா, பொறந்த வீட்டு வாசம் மாதிரி இருக்கு. கல்யாணத்துக்கு முன்னாடி சாத்தூர்ல தீப்பெட்டி ஆபீஸ்ல வேல பாத்தவ நானு. நல்லா மூச்ச இழுத்து விட்டேன். ஒரு வெள்ளைக்காரம்மா என்னைய ஒரு மாதிரி பாத்துச்சு. உங்களுக்கும் காட்டியிருப்பாங்களே, அந்தச் சேத்துக் குளம், கம்மங்கூழு கொதிக்கிற மாதிரி பொளக் பொளக்குனு. பாறை எடுக்குலயெல்லாம் பொகை. கீழ யாரோ அடுப்ப அணைக்காமப் போட்டுட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சேன். அங்கயே ஒரு சனம் குடியிருக்கு பாருங்க, கொதிக்கிற ஊத்துல மக்காச்சோளத்த வலப்பையில கட்டி எறக்கி வேக வச்சு எடுக்குறாங்க. கேஸு இல்ல, வெறகு இல்ல. குடுத்து வச்ச மகராசிக.

அந்தச் சனங்க வீட்டுக்குத்தான் அடுத்தாப்புல போனோம். வீடுன்னா எல்லாருக்கும் பொதுவான வீடு. மொகப்புல செதுக்குன மரம், செவப்புச் சாயம், கண்ண முழிச்சுக்கிட்டு ஒரு உருவம். வாசல்ல எங்கள நிப்பாட்டிட்டாங்க. கூப்பிடாம உள்ள போகக்கூடாதாம். எங்க பஸ்ஸு சனத்துக்கு ஒரு தலைவர் வேணும்னாங்க. நெட்டயா ஒரு கெழட்டுத் தாத்தா தலைவராயிட்டாரு. அந்தா, இன்னும் நெஞ்ச நிமித்திக்கிட்டு உக்காந்திருக்காரு பாருங்க.

மொதல்ல ஒரு வாட்டசாட்டமான ஆளு ஈட்டியச் சுத்திக்கிட்டு, கண்ண உருட்டி, நாக்கத் துருத்திக்கிட்டு வந்தான். எங்கூரு கருப்பசாமி எறங்குன மாதிரியே இருந்துச்சு, கையெடுத்துக் கும்பிட்டேன். மருமக என் கையத் தட்டி விட்டா. சரி, கெடக்கட்டும்.

அதுக்கப்பறந்தான் டீச்சர். உள்ளருந்து ஒரு அம்மா வந்து நின்னுச்சு. என் வயசு இருக்கும். கறுப்புத் துணி, தலயில பச்ச எலையச் சுத்தியிருக்கு. அந்த அம்மா வாயத் தொறந்துச்சு பாருங்க...

அது பாட்டு இல்ல. எனக்குத் தெரியாதா? எத்தன எழவு வீடு பாத்தவ நானு. அடிவயித்துலருந்து வருது, மேல ஏறுது, அங்கயே நின்னு நடுங்குது, அப்பறம் எறங்குது. எனக்கு உச்சந்தலயிலருந்து உள்ளங்கால் வரைக்கும் புல்லரிச்சுப் போச்சு. "என்னடா சொல்லுது அந்தம்மா?"ன்னு மகன்கிட்டக் கேட்டேன். அவன் கைடு சொன்னத அப்படியே சொன்னான். "வந்தவங்கள வாங்கன்னு கூப்பிடுறாங்களாம். அவங்களோட சேந்து வந்திருக்கிற செத்தவங்களையும் வாங்கன்னு கூப்பிடுறாங்களாம். சும்மா ஒரு ஷோம்மா, பேசாம நில்லு"ன்னான்.

செத்தவங்களையும் கூப்பிடுதாம்! நீங்களே சொல்லுங்க. ஒரு பொம்பள தன் வாசல்ல நின்னு, உன் வீட்டுச் செத்த மனுசனையும் கூட்டிக்கிட்டு உள்ள வா தாயின்னு கூப்பிடுறா. நான் ஊமச்சி மாதிரி நிக்கிறதா? எங்க பக்கம் எழவு வீட்டுக்குள்ள எந்தப் பொம்பளையாவது வாய மூடிக்கிட்டுப் போவாளா? தெரு முக்குலயே கூந்தல அவுத்துக்கிட்டு, குரல் குடுத்துக்கிட்டே போகணும். உள்ள இருக்கிறவ எந்திரிச்சு வந்து கட்டிப் புடிப்பா. எதிர்க்குரல் குடுக்காம உள்ள போறவ பகையாளி. அம்பது பேரு நிக்கிறோம், ஒருத்தியும் பதில் குடுக்கல. செல்போனத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாளுக. அந்தம்மா குரல் அந்தரத்துல அநாதையா நின்னுச்சு டீச்சர். எனக்கு அது பொறுக்கல.

கொண்டைய அவுத்தேன். ஸ்வெட்டரக் கழட்டி மருமக கையில குடுத்தேன். குடுத்தேன் ஒரு குரலு.

"மில்லுச் சங்கு ஊதும் முன்னே - என் ராசா
முழிச்செந்திரிச்சுப் போவீகளே,
கடலு தாண்டிக் கெடக்கையில - நான்
கத்துனது கேக்கலையா..."

ஆத்தாடி, எங்க இருந்துச்சோ அம்புட்டும்! தன்னால வருது. பின்னால எவளோ கெக்கேன்னு சிரிச்சா. கைடு "மேடம், ப்ளீஸ், மேடம்"ன்னு ஓடி வாரான். மகன் எங் கையப் புடிச்சு இழுத்து, "அம்மா, எல்லாரும் பாக்குறாங்கம்மா"ங்குறான். உதறிட்டேன். அந்தக் கைடு எம் முன்னால வந்து நின்னு மறிக்கப் பாத்தான். அப்பத்தான் அந்தம்மா கையத் தூக்குச்சு. அவனப் பாத்து, தள்ளி நில்லுன்னு. ஒரே ஒரு கை. அம்புட்டுதான், பய கப்சிப்.

அப்பறம் அந்தம்மா என்னைய மட்டும் பாத்துத் திரும்பக் கூப்பிட்டுச்சு. நான் பதில் குடுத்தேன். அது ஒரு அடி பாட, நான் ஒரு அடி பாட, புல்லுத் தரையில அப்படியே நடந்து போறேன். அது பாஷ எனக்குத் தெரியாது, எம் பாஷ அதுக்குத் தெரியாது. ஆனா எங்க நிறுத்தணும், எங்க எடுக்கணும்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுச்சு. கிட்டப் போனதும் எந் தோளப் புடிச்சு, எம் மூக்கோட மூக்க வச்சு, நெத்தியோட நெத்திய வச்சுக்கிட்டு நின்னுச்சு. அதுதான் அவங்க வழக்கமாம். அதுக்குக் கண்ணுல தண்ணி. எனக்கும்தான். பொகை பட்டிருக்கும், அங்க பூராம் பொகைதான.

மேரேன்னு பேரு அந்தம்மாவுக்கு. என்னமோ கேட்டுச்சு. கைடு மகன்கிட்டச் சொல்ல, மகன் எங்கிட்டச் சொன்னான். "யாருக்காக அழுதீங்க, அவரு பேரு என்னன்னு கேக்குறாங்க. பேரச் சொன்னா அவங்க அவரையும் கூப்பிடுவாங்களாம்."

எனக்குத் திக்குன்னு ஆயிப் போச்சு. நான் எப்படி டீச்சர் சொல்லுவேன்? கழுத்துல தாலி ஏறுன நாள்லருந்து அந்தப் பேரு என் வாயில வந்ததில்ல. ரேஷன் கார்டுக்குக் கேட்டாக் கூடப் பக்கத்துல நிக்கிறவளச் சொல்லச் சொல்லுவேன். அவரு போனதுக்கப்பறம் என்ன கட்டுப்பாடுன்னு மருமக கேப்பா. வராது, நாக்கு பொரளாது. இப்ப உங்ககிட்டயும் சொல்லமாட்டேன், வேணும்னா எம் மகன்கிட்டக் கேட்டுக்கங்க.

அவன்தான் நிக்கிறானே எம் பக்கத்துல. "நீ சொல்லுடா"ன்னேன்.

தரையப் பாக்குறான். "சொல்லுடா, உங்கப்பா பேரு மறந்து போச்சா?"ன்னேன். உதட்டுக்குள்ளயே முணுமுணுத்தான். மேரேம்மா காதுல கையக் குவிச்சு, கேக்கலைன்னுச்சு. எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம். "சத்தமாச் சொல்லு! உங்கப்பாவுக்கு மெதுவாச் சொல்லி என்னைக்குடா கேட்டிருக்கு? இங்கிருந்து அவருக்குக் கேக்கணும்டா, கத்து!"ன்னேன்.

கத்துனான். அந்த மலையடிவாரம் பூராங் கேக்க அப்பா பேரக் கத்துனான். பாதியில தொண்ட ஒடைஞ்சு போச்சு, பழக்கமில்லாம கத்துனா அப்படித்தான் ஆகும். மேரேம்மா அந்தப் பேர அப்படியே வாங்கி, நீட்டி, வானத்தப் பாத்துக் கூப்பிட்டுச்சு. பின்னால நின்ன பொம்பளைக அத்தன பேரும் சேந்துக்கிட்டாளுக. எங்க வீட்டுக்காரரு ஆயுசுல அவர யாரும் அம்புட்டுச் சத்தமாக் கூப்பிட்டிருக்கமாட்டாங்க, என்னையத் தவிர. கட்டாயம் கேட்டிருக்கும். கேக்காம எங்க போகும்?

இதுதான் டீச்சர் நடந்தது. இதுல என்ன குத்தம் சொல்லுங்க? கைடுக்கு என்ன கோவம்னா, நேரமாயிருச்சாம். பாறைக்குள்ளருந்து வெந்நீரு பீச்சியடிக்கிற ஒரு எடம் இருக்காமே, நாங்க போறதுக்குள்ள அடிச்சு ஓஞ்சு போச்சு. அதப் பாக்க முடியலைன்னு பஸ்ஸு பூரா மொணமொணங்குது. அது நாளைக்கும் அடிக்கும்ல? அது பொங்குனா டிக்கெட் எடுத்து வந்து போட்டோப் புடிக்கிறீங்க, நான் பொங்குனா மட்டும் சாரி சொல்லணுமா? என் மருமக ஒவ்வொரு சீட்டாப் போயி எனக்காகச் சாரி சொல்லிட்டு வந்தா. சொல்லிக்கட்டும். அவ வாயி. எங்கிட்டருந்து வராது. இந்த வயசுக்கு மேல நான் யாருக்குப் பயப்படணும்? மேரேம்மா கெளம்பும்போது, ஊத்துல வெந்த சோளத்த எம் மடியில கட்டிக் குடுத்து விட்டுச்சு. வீட்டுக்கு ஆகாதவளுக்கு அப்படிக் குடுத்து விடுவாங்களா? இந்தாங்க, நீங்களும் ஒண்ணு எடுத்துக்கங்க, சூடு இன்னும் ஆறல.

எம் மகன்தான் பஸ்ஸு ஏறுனதுலருந்து பேசல. என்னைய ஏறிட்டுக் கூடப் பாக்கல. அத்தன பேரு முன்னாடி கத்த விட்டுட்டேன்னு கோவம். பாருங்க, எம்புட்டுக் கோவம்னா, தோளு ரெண்டும் எப்படிக் குலுங்குது பாருங்க. தகப்பனுக்கு இருந்த பொறுமையில கால்வாசி கெடையாது இவனுக்கு.

என்ன? கோவம் இல்லையா? சீட்டுச் சந்துல எட்டி நல்லாப் பாத்தீங்களா டீச்சர்? எனக்குக் கண்ணாடி போடாம தூரத்துல சரியாத் தெரியாது. கையில என்ன வச்சிருக்கான்? சின்னதா, காதுல மாட்டுற மாதிரியா... அந்த மெஷினா?

அழுறானா?

துண்ட வாயில வச்சு அமுக்கிக்கிட்டா? அட பாவிப் பயலே. அன்னைக்கு அடக்குனதையா இன்னும் அடக்கிக்கிட்டுத் திரியுறான்? அந்தப் பாத்ரூமு, தண்ணி, அதெல்லாம் இதுக்குத்தானா?

எந்திரிங்க டீச்சர், வழி விடுங்க. பஸ்ஸு ஓடுனா ஓடட்டும், விழுந்தா விழுந்துட்டுப் போறேன். கைடு என்ன சொல்றான், உக்காருன்னா? அவனக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்க. சாரி கேட்டாலும் கேப்பேன், அப்பறம் பாத்துக்கலாம் அத.

டேய் கதிரேசா! அந்தத் துண்ட எடுடா வாயிலருந்து. யாரு பாத்தா என்னடா, நான் வாரேன், அம்மா வாரேன். செவிட்டு மனுசன் பெத்த புள்ள, இப்படிச் சத்தமில்லாம அழுதா உங்கப்பாவுக்கு எப்படிடா கேக்கும்?